பன்னிரண்டு வோல்ட் வெளிச்சம்

வண்டியின் பின்விளக்குக் கண்ணாடியைத் தினமும் துடைக்க வேண்டும். யாரும் துடைப்பதில்லை. முன்விளக்கு என்றால் ஆளுக்கு ஆள் அக்கறை. பின்விளக்கு அடுத்தவனுக்குத்தானே என்று விட்டுவிடுவார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை ஐயா. இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். துண்டின் ஓரத்தால் பின்விளக்கைத் துடைக்காமல் சீட்டில் ஏறினது கிடையாது. ஒரே ஒரு வாரம்தான் வேண்டுமென்றே துடைக்காமல் விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பும் என்று மாஜிஸ்திரேட் ஐயா இரண்டு தடவை எடுத்துச் சொன்னீர்கள். யோசிக்க ஒரு நாள் முழுக்க அவகாசமும் கொடுத்தீர்கள். யோசித்துவிட்டேன். ஸ்டேஷனில் யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சொல்லப்போனால் சப்-இன்ஸ்பெக்டர் தங்கமான மனுஷர். "பெரியவரே, கண்ணு தெரியாம நடந்து போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும். சின்னக் கேஸா போயிரும். வீட்டப் பாத்துப் போயிரலாம்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சிவனணைந்தபெருமாள். ஊர் மேலகரம். வயது நாற்பத்தெட்டு. சைவப் பிள்ளைமார் குடும்பம். அப்பா கோயிலில் தேவாரம் ஓதியவர். எனக்கு அந்தக் குரல் வாய்க்கவில்லை, கண் வாய்த்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டினேன். பர்மா எல்லையில் வரிசையாக லாரிகள் போகும்போது முன்விளக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு லாரிக்கும் பின் அச்சுக்கடியில் ஒரு பொட்டு விளக்கு இருக்கும். பின்னால் வருகிறவன் அதை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். பொட்டு பெரிதானால் நெருங்கிவிட்டான், சிறிதானால் விலகிவிட்டான். அவனுக்கு வேறு எதுவும் தெரியாது, முன்னால் போகிற பொட்டை நம்ப வேண்டியதுதான்.

ஆனால் முதல் லாரிக்கு அந்தப் பொட்டும் இல்லை. அதை ஓட்டுகிறவனுக்குக் கண் மட்டும்தான். எங்கள் வெள்ளைக்கார கேப்டன் இருநூறு பேரில் என்னைப் பொறுக்கி அந்த லாரியில் உட்கார வைத்தார். பர்மாவை விட்டு வந்தபின்னும் அந்த ஒன்றுதான் என் சொத்து.

மேலகரம் பால்வண்ணநாதன் எனக்குத் தாயாதி வகையில் தம்பி முறை. அவருக்கு நஞ்சை, தோப்பு, கோயில் காரியம் என்று கை நிறைய வேலை. ஐம்பத்து மூன்றில், மலை எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடமிருந்து பழைய டிராக்டர் ஒன்றை வாங்கினார். சின்ன வண்டி. சாம்பல் நிறம், முகப்பு என் நெஞ்சு உயரம்தான் வரும். தென்காசி வட்டாரத்தில் அப்போது டிராக்டர் என்றால் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் நான். பதினோரு வருஷம் அந்த சீட்டில் வேறு ஒருவர் உட்கார்ந்ததில்லை.

அதன் விளக்குகள் மட்டும் முதலிலிருந்தே சுகமில்லை. ஆறு வோல்ட் பேட்டரி, முகப்பில் இரண்டு சின்ன விளக்கு, மஞ்சளாக அழுது வடியும். பின்னால் டிரெய்லரில் சிவப்புக் காகிதம் ஒட்டின அரிக்கேன். பகல் உழவுக்கு அது பொருட்டில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மஞ்சள் வெளிச்சம் இன்னும் மங்கத் தொடங்கியது. பல்பை மாற்றினேன். உள்ளே இருக்கிற வெள்ளித் தகட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வயரைக் கழற்றி மறுபடி முறுக்கினேன். பொழுது சாய்ந்தால் ரோட்டோரம் கரைந்து போய்விடும். விளக்குக்கு வயசாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

போன மாசியில் ஒரு கன்றுக்குட்டி செத்தது. மாரித்தாய் என்கிற விதவைப் பெண்ணின் கன்று. தோப்பிலிருந்து திரும்பும்போது அது என் வண்டிக்குக் குறுக்கே பாய்ந்தது. அது கட்டிக் கிடந்த கன்று என்று பிறகு சொன்னார்கள். எப்படியானாலும் ஒரு உயிர். நான் எறும்பைக்கூட ஒதுக்கி விட்டு நடக்கிறவன். குற்றாலத்தில் போய்க் குளித்து, ஒரு மாதம் ஒருவேளைச் சாப்பாடு சாப்பிட்டேன். என் மனைவி முத்துவடிவு, "கன்னுக்கு இத்தன விரதமா, மனுசரு மேல வண்டிய ஏத்தினவனெல்லாம் பிரியாணி திங்கான்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

அந்தக் கன்றுக்குப் பிறகுதான் பால்வண்ணநாதனிடம் போய், விளக்கை மாற்றியே ஆகவேண்டும் என்றேன். வைகாசி முழுக்க அதே வேலை. திருநெல்வேலி ஜங்ஷனில் பழைய சாமான் கடைகளை அலசி, நொறுங்கிப்போன ஒரு லாரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் டைனமோவும், இரண்டு பெரிய ஹெட்லைட்டும் கொண்டுவந்தேன். டைனமோ அந்தச் சின்ன வண்டிக்குப் பொருந்தவில்லை. கொல்லரிடம் இரும்புத் தகடு அடித்து வாங்கி, பெல்ட்டை மாற்றி, அரை விரல் அரை விரலாக நகர்த்திப் பொருத்தினேன். பேட்டரி பெரிது, அதற்குத் தேக்கில் பெட்டி செய்து சீட்டுக்கடியில் வைத்தேன். பழைய வயர் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை, எல்லாம் தடித்த வயர்.

பின்விளக்குதான் என் கைவேலை. நாங்கள் பந்தல் மூங்கில் ஏற்றுவோம், அது டிரெய்லரைத் தாண்டி ஒன்பது அடி, பத்து அடி நீட்டிக்கொண்டிருக்கும். விளக்கு டிரெய்லரில் இருந்து என்ன பயன். அதனால் நீள வயர் வைத்து, கொக்கி போட்டு, பாரத்தின் நுனியிலேயே மாட்டுகிற மாதிரி செய்தேன். பின்னால் வருகிறவனுக்குப் பாரம் எங்கே முடிகிறதென்று தெரிய வேண்டும் இல்லையா. வேறு எந்த டிரைவர் இவ்வளவு யோசிப்பான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் ரைஸ்மில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டேன். பால்வண்ணநாதன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, பகல் மாதிரில்லா இருக்கு. சுவத்துல எறும்பு போறது தெரியுது."

"ஆமா தம்பி" என்றேன். எனக்குச் சுவர் தெரிந்தது. அதில் இரண்டு பித்தளைத் தட்டு மாதிரி ஏதோ தெரிந்தது. எறும்பு தெரியவில்லை. வெளிச்சம் அதிகமாகி எறும்பை விழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து பேட்டரிக்கு ஆசிட் ஊற்றும்போது ஒரு துளி வலது கண்ணோரம் தெறித்தது. தென்காசியில் ஒரு டாக்டரின் மருந்துக்கடையில் நல்லதம்பி கம்பவுண்டராக இருந்தார். கிறிஸ்தவர். என் வயசுதான், ஆனாலும் எல்லாரையும் போல அண்ணாச்சி என்பார். சோடாபுட்டிக் கண்ணாடி, எந்நேரமும் வெற்றிலை. கண்ணைக் கழுவிவிட்டு, உள் அறையில் உட்கார வைத்து, ஜன்னலைச் சாத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். காயம் ஒன்றுமில்லை என்றார். நான் எழுந்து வெளியே நடந்தேன். மருந்து அலமாரியில் போய் முட்டிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கதவு இங்கன இருக்கு" என்றார். கதவைத் திறந்துவிட்டு, "மாரித்தாய் கன்னு அன்னைக்கு எந்த நேரத்துல செத்துச்சு?" என்று கேட்டார்.

"வெளக்கு வைக்கிற நேரம்."

"இது மாலைக்கண்ணு அண்ணாச்சி. எத்தன நாளா இருக்கு?"

எனக்கு எந்தக் கண்ணும் இல்லை, விளக்குதான் மோசமாக இருந்தது, அதையும் மாற்றியாயிற்று என்றேன். அவர் கேட்கவில்லை. சுறாமீன் எண்ணெய் ஒரு புட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பது நாள் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். நான் புட்டியைத் தொடவில்லை. நாங்கள் மீன் வாசனை வருகிற தெருவில்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள்.

"மருந்துக்கு என்ன சைவம் அசைவம்? கண்ண மூடிக்கிட்டு முழுங்கிருங்க. நான் யாருட்டயும் சொல்லமாட்டேன்."

"என் வயித்துக்குத் தெரியும்லா" என்றேன்.

அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மாசியில கன்னுக்குட்டி. ஆடியில ஒரு பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க? ஆடி அமாவாசை வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள எண்ணெயக் குடிங்க, இல்ல பொழுது சாஞ்சா வண்டி எடுக்கதில்லன்னு நீங்களே பால்வண்ணநாதன்ட்ட சொல்லிருங்க. ரெண்டும் இல்லைன்னா நான் சொல்லவேண்டி வரும். எனக்கு மனசு கேக்காது."

பொழுது சாய்ந்தால் வண்டி எடுப்பதில்லை என்று நான் எப்படிச் சொல்வது. சாரல் காலத்தில் பகலெல்லாம் குற்றாலம் ரோட்டில் கார், பஸ், குதிரைவண்டி. பாரம் ஏற்றின டிராக்டர் இறங்க முடியாது. மூங்கிலெல்லாம் பொழுது சாய்ந்துதான் தென்காசிக்கு இறங்கும். அது முடியாது என்றால் பால்வண்ணநாதன் வேறு ஆளைப் போடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனக்குத் தோப்பில் காவல் வேலை கொடுத்து, மூன்று வேளைச் சோறும் போட்டு, போகிற வருகிறவர்களிடம் "பாவம், பெருமாள் அண்ணாச்சிக்குக் கண்ணு போச்சு" என்பார். முதல் லாரியில் உட்கார்ந்தவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு சோறு தின்ன என்னால் ஆகாது. இது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் வேறு ஏதாவது யோசித்திருப்பேன். கம்பவுண்டர் விடவில்லை. அவர் சீசன் முழுக்க தினமும் சைக்கிளில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் இறங்குவார். ஆனி பிறந்ததிலிருந்து எனக்காக மேலகரத்துக்கு மேற்கே இருக்கிற கல்பாலத்தில் காத்திருக்க ஆரம்பித்தார். என் வண்டி அவரைத் தாண்டினதும் சைக்கிளில் ஏறி வேகமாக மிதித்து, பின்விளக்கை எட்டிப்பிடித்து, அதன் பின்னாலேயே வருவார். அவர் சைக்கிளில் விளக்குக் கிடையாது. சாரலில் கண்ணாடியெல்லாம் நீர் கோத்து அவருக்கும் அந்தச் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்வார். "உங்க செவப்பு வெளக்கு எனக்கு, கிறிஸ்துமஸ் ராத்திரி ஞானியளுக்கு நட்சத்திரம் வந்த மாதிரி அண்ணாச்சி" என்பார்.

ஆனால் அவர் வந்தது வெளிச்சத்துக்காக இல்லை. பின்னால் வந்து சேர்ந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் ஒதுங்கி, என் ஹெட்லைட் வெளிச்சத்தில் முன்னால் எட்டிப் பார்ப்பார். எதிரே மாட்டுவண்டி, நடந்து வருகிற ஆள் என்று ஏதாவது இருந்தால் மணியை ஒரு தடவை அடிப்பார். நான் மெதுவாகப் போகவேண்டும். வழி சுத்தமாக இருந்தால் இரண்டு தடவை அடிப்பார். இதை அவராகவே ஏற்படுத்திக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. எங்கெங்கோ தேடி, கை கருகி நான் போட்ட விளக்கு, அதன் வெளிச்சத்தில் அவர் பார்த்து எனக்குச் சொல்கிறார். பர்மாவில் இருநூறு லாரியை இழுத்துப் போனவனை ஒரு சைக்கிள் மணி ஓட்டிக்கொண்டு போனது.

நல்ல எண்ணம்தான் ஐயா. நான் மறுக்கவில்லை. ஒரு நாள் மணி ஒரு தடவை அடித்தது, நான் நிறுத்தினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேர் சிரித்துக்கொண்டு வண்டி முன்னாலிருந்து ஓடினார்கள். நானும் அவர்களைப் பார்த்திருப்பேன். மணி முந்திக்கொண்டது, அவ்வளவுதான். மேலகரம் டீக்கடையில் அடுத்த நாள் ஒருத்தன், "என்ன அண்ணாச்சி, வண்டிக்கு மணிய பின்னால கட்டியிருக்கிய போலிருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கம்பவுண்டர் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் அப்போது நம்பினேன். ஆனால் அவர் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்கிறவன் ஏதாவது தப்பு விடுவான். நான் இருபது நாள் எண்ணினேன். கல்பாலத்தில் அவரைத் தாண்டினதிலிருந்து, அவர் மணி என் பின்னால் கேட்கிற வரை முப்பத்திரண்டு எண்ணிக்கை. சில நாள் முப்பத்தொன்று. இறக்கம், அவர் வேகமாக மிதிப்பார், ஈரத்தில் சைக்கிள் பிரேக் பிடிக்காது. அவர் கணக்கு வைத்திருந்தது ஒன்றே ஒன்று, சிவப்பு விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. விளக்கு இருக்கிற இடத்தில் பாரம் முடிகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அமாவாசைக்கு முந்தின நாள். அதற்கு ஒரு வாரமாகவே பின்விளக்கை நான் துடைக்கவில்லை. கண்ணாடியில் சேறு படிந்தால் விளக்கு மங்கும்; மங்கினால் தூரத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். மூங்கில் ஏற்றுகிறவர்களிடம், அடிப்பக்கம் பின்னால் வருகிற மாதிரி அடுக்கச் சொன்னேன். வழக்கமாக நுனிதான் பின்னால் வரும், அது வளைந்து கொடுக்கும். அடிப்பக்கம் தடிப்பாக இருக்கும், வெட்டுக்கத்தியால் சாய்வாக வெட்டியிருப்பார்கள். "பாரம் முன்னால இருந்தாத்தான அண்ணாச்சி வண்டி இழுக்கும்" என்றார்கள். இன்றைக்கு இப்படிப் போடுங்கள் என்றேன். அவர்கள் போன பிறகு, மூங்கிலின் கோடியில் மாட்டியிருந்த விளக்கைக் கழற்றி, டிரெய்லர் பலகையிலேயே மாட்டினேன். வயர் மிச்சத்தைச் சுருட்டிக் கட்டினேன். விளக்குக்குப் பின்னால் ஒன்பதரை அடி மூங்கில்.

அன்றைக்குச் சாரல் நல்ல பிடி. கல்பாலத்தில் வண்டியை மெதுவாக்கினேன். இரண்டு ஹெட்லைட்டும் அவர் முகத்தில் நேராக விழுந்தன. அந்த வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அரை நிமிஷம் வேறு எதுவும் தெரியாது. என்னைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்களோ, அந்த அரை நிமிஷம் அவர் அப்படி இருந்தார்.

"மெதுவா போங்க அண்ணாச்சி. இந்தா பின்னாலயே வாரேன்" என்றார்.

தாண்டினேன். எண்ணினேன். இருபத்தாறு வந்ததும் இரண்டு பிரேக்கையும் ஒன்றாக மிதித்தேன். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. நல்ல பிரேக், போன மாதம்தான் பட்டை மாற்றியிருந்தேன். ஒரு தடவை மணி கேட்டது. எனக்காக அடித்த மணி இல்லை. சைக்கிள் ரோட்டில் விழுந்தபோது தானாக அடித்தது.

இறங்கி, மூங்கிலைத் தொட்டுக்கொண்டே பின்னால் போனேன். அவர் உட்கார்ந்த மாதிரி இருந்தார். நெஞ்சில் பாய்ந்திருந்தது. பேச்சு இருந்தது. "அண்ணாச்சி, முன்னால யாருக்கும் அடிபடலியே?" என்று கேட்டார்.

நான் யாருக்காகவோ பிரேக் போட்டேன் என்று நினைத்திருக்கிறார். இல்லை என்றேன். "நல்ல வேளை" என்றார். அவர் அடங்குகிற வரைக்கும் பக்கத்தில் நின்றேன், அதிக நேரம் ஆகவில்லை. பிறகு விளக்கைக் கொண்டுபோய் மூங்கில் கோடியில் பழையபடி மாட்டினேன். கண்ணாடி ஈரமாக இருந்தது. துண்டால் துடைத்தேன். சாரல் என்று நினைத்தேன், மறுநாள் காலையில் பார்த்தால் துண்டு சிவந்திருந்தது. அப்புறம் செங்கோட்டை பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, ஆளைக் கூப்பிட்டேன்.

விஷயம் இங்கே முடிந்திருக்க வேண்டியது. எல்லாரும் விபத்து என்றார்கள். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் எரிந்துகொண்டிருந்தது, சைக்கிளில் விளக்கு இல்லை, அவர் கண்ணாடி போட்ட ஆள். பால்வண்ணநாதன்கூட, "உங்க மேல ஒரு தப்பும் இல்ல அண்ணாச்சி" என்றார். அடுத்த வாரமே வண்டி எடுத்திருப்பேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கம்பவுண்டரின் மனைவி ரெபேக்காள் ஸ்டேஷனுக்கு வந்தாள். பால்வண்ணநாதன் இருந்தார், கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள், வாசலில் பாதி மேலகரமும் நின்றது. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். "அவிய மேல கேஸ் எதும் போட்டுராதீங்க ஐயா. அவியளுக்கு மாலைக்கண்ணு. பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டுக்காரவ சொல்லியிருக்காவ. பாவம், கண்ணு தெரியாத மனுசன் என்ன செய்வாரு? நான் மன்னிச்சிட்டேன்."

அவர் சொல்லியிருக்கிறார், ஐயா. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றவர் வைகாசியிலேயே வீட்டில் சொல்லியிருக்கிறார். அது மட்டுமில்லை. அவள் முந்தானையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அவர் மெட்ராஸுக்கு எழுதி வரவழைத்த மாத்திரையாம், அவர் செத்த மறுநாள் தபாலில் வந்ததாம். "மீன் சேராதது அண்ணாச்சி. மருந்துல செஞ்சதாம். உங்களுக்காக எழுதிப்போட்டு எழுதிப்போட்டு வாங்கினாவ" என்றாள். இது வந்துவிட்டால் பால்வண்ணநாதனிடம் சொல்லவேண்டிய அவசியமே வராது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பொட்டலத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லாதபோது மாத்திரை எதற்கு. பால்வண்ணநாதன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி" என்றார். வாசலில் நின்ற ஒருவன் என் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட வந்தான். பட்டப்பகல், பதினொரு மணி. கையை உதறிவிட்டு, திரும்பி உள்ளே போய், சப்-இன்ஸ்பெக்டரிடம் நான் கொன்றேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றார். கடைசியில், சுருட்டிக் கட்டின வயரின் கயிற்றுத் தடத்தையும், என் துண்டையும் காட்டின பிறகுதான் எழுந்து நின்றார்.

முத்துவடிவு நேற்று வந்தாள். "தூக்குல போட்டாலும் பரவால்லையா உங்களுக்கு? கண்ணு தெரியலன்னு சொன்னா என்ன கொறஞ்சு போவுது?" என்று அழுதாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். கண் தெரியாமல் ஒரு மனுஷனைச் சாகடித்தவன் என்று என் பெயர் இருக்கக் கூடாது. இருபத்தாறு எண்ணி, சரியான இடத்தில், அரை அடி பிசகாமல் நிறுத்தினேன். கண் தெரியாதவனால் அது முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

குமாஸ்தா வாசித்துக் காட்டியதெல்லாம் சரியாக இருக்கிறது. 'பார்வைக் குறைவு' என்ற சொல் எங்கேயும் வரவில்லை, அதற்கு நன்றி. நல்லதம்பியைக் கொல்ல வேண்டும் என்று நினைத்து, பார்த்து, தெரிந்து நான் செய்தேன். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பொழுது சாய்ந்துவிட்டது போலிருக்கிறது, லைட்டைப் போடச் சொல்லுங்கள் ஐயா.

அப்போதே போட்டாயிற்றா.

சரி. அப்படியென்றால் போட வேண்டிய இடத்தில் என் விரலைப் பிடித்து வையுங்கள், போதும். நான் எழுதிவிடுவேன்.